ஈரம் தின்ற பின்சுவர்

முதல் வேலையாக அண்ணை படகுக்குள் தண்ணீர் விட்டார். ஒழுகும் படகை ஏரியில் இறக்கி, தண்ணீர் எந்த வழியாக உள்ளே வருகிறது என்று தேடுவார்கள் என்றே நான் எண்ணியிருந்தேன். அவரோ இழுவை வண்டியில் நின்ற படகின் மூக்கைச் சற்று உயர்த்தினார். தோட்டக் குழாயை உள்ளே போட்டார். பின்பக்கம் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கையில் கறுப்பு மெழுகுப் பென்சில்.

நாலு விரற்கடை தண்ணீர் நின்றதும் குழாயை நிறுத்தச் சொன்னார். “இதுக்கு மேல விடக்கூடாது தம்பி. வெளியில நிக்கிற தண்ணியைத் தாங்கத்தான் படகைச் செய்திருக்கு. உள்ளுக்கு நிரப்பினா பாரம் ரிவெட்டுகளைப் பிரிச்சுப்போடும்.”

பத்து நிமிடம் யாரும் பேசவில்லை. பிறகு அலுமினியத் தகட்டில் ஒரு முத்து திரண்டது. அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார். அடுத்தது. அதற்கும் அடுத்தது. கடைசியில் 17 வட்டங்கள். மீன் தேடும் சோனார் கருவிக்காக யாரோ போட்ட திருகுத் துளைகளில் 4. மோட்டாரைப் பிடிக்கும் போல்ட்டுகளில் 2. தண்ணீர் வடியும் பித்தளைக் குழாயின் விளிம்பில் 1. மீதி 10 வட்டங்களும் எவரும் எப்போதும் துளை போடாத வெறும் தகட்டில் இருந்தன. என்னைத் திகைக்க வைத்தவை அவைதான்.

படகு என்னுடையது. 14 அடி நீளம், ரிவெட் அடித்துச் செய்த பழைய அலுமினியப் படகு. மூன்று கோடைக்கு முன்னர் இரண்டாம் கையாக வாங்கினேன். ஒன்ராறியோவில் ஏரிகளுக்குப் பக்கத்தில் வாழ்பவர்களுக்கு இப்படியொரு படகு சைக்கிள் மாதிரி. ஸ்காபரோவிலிருந்து ஒன்றரை மணி நேரம் ஓடி, பீட்டர்பரோவுக்குச் சற்று வெளியே இருக்கும் இந்தப் பட்டறைக்கு அதை இழுத்து வந்திருந்தேன். அதை நடத்துகிற அண்ணை வல்வெட்டித்துறைக்காரர். அவரோடு வேலை செய்யும் இளம்பெண் இந்த ஊரிலேயே பிறந்தவர், கைதேர்ந்த வெல்டர். மூன்று நாள் அவர்களோடு நின்று பார்த்தேன்.

படகின் பின்சுவரை இங்கே டிரான்ஸம் என்கிறார்கள். மோட்டாரின் பாரம் முழுவதும் அதில்தான் தொங்குகிறது. மோட்டார் தள்ளும் வேகத்தையும் அந்தச் சுவர்தான் வாங்கிப் படகு முழுவதற்கும் கொடுக்கிறது. மெல்லிய அலுமினியத் தகடு மட்டும் அதைத் தாங்காது. அதனால் உள்பக்கம் ஒன்றரை அங்குலத் தடிப்பில் ஒட்டுப்பலகை வைத்து, தகட்டோடு இறுக்கிப் பூட்டுகிறார்கள். நோய் தொடங்குவது அந்த இறுக்கத்தில்தான்.

மோட்டாரைக் கழற்றித் தாங்கியில் தொங்கவிட்ட பிறகு, மேல்விளிம்பை மூடியிருந்த தகட்டின் ரிவெட்டுகளை ஒவ்வொன்றாகத் துளைத்து எடுத்தார்கள். தலையை மட்டும் துளைத்துவிட்டு, மிச்சத்தை ஒரு முனை மழுங்கிய ஆணியால் தட்டினார்கள். துளை பெருத்துவிடக் கூடாது என்பதற்காக அத்தனை பொறுமை. பிறகு பலகையை நெம்பினார்கள். அது பலகையாக வரவில்லை. நனைந்த பொயிலை போல, கறுத்த இதழ் இதழாகக் கையோடு வந்தது. கீழ்ப்பாதியைப் பிழிந்தால் தண்ணீர் சொட்டியது. தகட்டின் உள்முகமெங்கும் கோதுமை மாவு அப்பியதுபோல வெள்ளைத் தூள்.

“உதுதான் அலுமினியத்தின்ர துரு” என்றார் அண்ணை. தூளை விரலால் வழித்தபோது அடியில் அம்மைத் தழும்பு போலக் குழிகள் தெரிந்தன. பட்டறை விளக்கை அணைக்கச் சொல்லி, உள்ளே ஒரு டார்ச்சைப் பிடித்தார். வெளியே நின்று பார்த்தேன். இடியப்ப உரலின் அடியைப் பார்ப்பது போலிருந்தது. தண்ணீர் 10 ஓட்டைகளைக் காட்டியிருந்தது. வெளிச்சம் 16 காட்டியது. மீதி ஆறில் வெள்ளைத் தூளே அடைத்துக்கொண்டு இருந்திருக்கிறது.

அலுமினியம் துருப்பிடிக்காது என்று நாம் சொல்லிப் பழகிவிட்டோம். காற்றுப் பட்டவுடன் அதன்மேல் ஒரு ஆக்சைடு படலம் படிகிறது. தடிப்பு சில நானோமீட்டர்தான். கீறினாலும் உடனே மீண்டும் படிந்து ஆறிவிடும். ஆனால் ஆறுவதற்கு ஆக்சிஜன் வேண்டும். ஈரப்பலகை தகட்டோடு ஒட்டிக் கிடக்கும்போது காற்று போக வழியில்லை. மரத்திலிருந்து ஊறும் அமிலமும் உப்பும் அதே இடத்தில் தேங்குகின்றன. படலம் ஒரு புள்ளியில் உடைந்தால் அந்தப் புள்ளி குழியாகும். குழிக்குள் காற்று இன்னும் குறையும், அரிப்பு இன்னும் ஆழமாகும். வெளியே பெயின்ட் பளபளவென்று இருக்கும்போதே உள்ளிருந்து வெளியே ஓட்டை விழுந்துவிடுகிறது.

உரித்தெடுத்த பலகையின் நல்ல துண்டொன்றைக் கழுவி என்னிடம் நீட்டினார். அதில் மங்கலான பச்சை நிறமும், பாதி அழிந்த மை முத்திரையும் இருந்தன. பூச்சியும் பூஞ்சணமும் அண்டாமல் செம்பு மருந்து ஏற்றிய பலகை. வீட்டு முற்றத்தில் திண்ணை கட்ட விற்பது. முன்பு எவரோ பழுது பார்த்தபோது, உக்காத மரம்தானே என்று நல்லெண்ணத்தில் வைத்திருக்கிறார்கள். அதிலிருந்து கசிந்த செம்பு அலுமினியத்தில் துகள் துகளாகப் படிந்து, ஒவ்வொரு துகளும் ஒரு சின்ன மின்கலமாகித் தகட்டைத் தின்றது. ஆர்சனிக் கலந்த பழைய மருந்துப் பலகைகளை வீட்டுத் தேவைக்கு விற்பது கனடாவில் 2003 முடிவோடு நின்றது. அதன் இடத்துக்கு வந்த மருந்துகளில் செம்பு இன்னும் அதிகம். திண்ணைக்கு நல்லது. இந்தச் சுவருக்கு நஞ்சு.

மத்தியானம் தேத்தண்ணி குடிக்கும்போது அண்ணை ஊர்க் கதை சொன்னார். வல்வெட்டித்துறையில் கட்டிய ‘அன்னபூரணி’ என்ற பாய்க்கப்பல் 1938இல் அட்லாண்டிக்கைக் கடந்து அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அந்தத் துறையில் பலகை இடுக்குகளில் கலப்பத்து அடித்தவர்களின் வழியில் வந்தவர் இவர். “மரப்படகு கரையில காய்ஞ்சு கிடந்தா ஒழுகும். கடல்ல இறக்கினா பலகை ஊறி, பருத்து, தானே இறுகும். அங்க தண்ணிதான் மருந்து. இஞ்ச அதே தண்ணிதான் வருத்தம். இதை விளங்கிக்கொள்ள எனக்குக் கனகாலம் எடுத்தது தம்பி.”

மரத்திலிருந்து அலுமினியத்துக்கு என்ற அதே மாற்றம் இந்த ஊருக்கும் நடந்திருக்கிறது. பீட்டர்பரோ ஒருகாலத்தில் மரக் கனூ செய்வதில் உலகப் பெயர் பெற்ற ஊர். 1944இல் கிரம்மன் விமான நிறுவனத்தைச் சேர்ந்த வில்லியம் ஹாஃப்மன், கனத்த கனூவைத் தோளில் சுமந்து களைத்து, விமானத் தகட்டிலேயே ஒன்று செய்தால் என்ன என்று யோசித்தார். போர் முடிந்ததும் அந்தத் தகடும் ரிவெட்டும் ஏரிகளுக்கு வந்தன. பீட்டர்பரோ கனூ கம்பெனி 1961இல் மூடப்பட்டது. இந்தப் பட்டறையில் ரிவெட் அடிக்கும் முறை இன்றும் விமானக் கூடத்து முறைதான்.

எல்லாவற்றையும் வெல்டிங் செய்து மூடலாமே என்று கேட்டேன். வெல்டர் பெண் ஒரு பழைய தகட்டுத் துண்டை எடுத்துவந்து செய்தே காட்டினார். அலுமினியம் உருகுவது 660 டிகிரி செல்சியஸில். மேலே உள்ள ஆக்சைடு உருக 2,000 டிகிரிக்கு மேல் வேண்டும். படலம் உருகுவதற்குள் அடித்தகடு கரைந்து விழுந்துவிடும். அதற்காகத்தான் மாறுமின்னோட்டத்தால் படலத்தை உடைத்துக்கொண்டே உருக்குகிறார்கள். ஆனால் குழிகளுக்குள் ஊறிய அழுக்கை எதுவும் முழுதாக எடுக்காது. சுடர் பட்டதும் அந்தத் துண்டு பொரிந்தது, கறுத்தது, ஒரு சின்ன ஓட்டை நாணயம் அளவுக்கு விரிந்தது. அரித்த தகட்டில் தீ வைக்கக் கூடாது என்பதை அதைவிடத் தெளிவாக யாரும் சொல்லியிருக்க முடியாது.

ஆகவே ஒட்டுத்தகடு. முதலில் வெள்ளைத் தூள் முழுவதையும் துருவேறா எஃகுத் தூரிகையால் தேய்த்தார்கள். அந்தத் தூரிகை வேறு எந்த உலோகத்தையும் தொட்டதில்லை. இரும்புத் துகள் ஒன்று ஒட்டினாலும் அரிப்பு மறுபடி தொடங்கிவிடும். குழிகளை எபாக்சியால் நிரப்பினார்கள். தகடு 5052 என்ற கடல் ரக அலுமினியம், மூலைகள் வட்டமாக வெட்டியது. கூர்மூலையில் விரிசல் தொடங்கும். அடியில் பாலியூரித்தேன் பசை. பிறகு ரிவெட்.

அந்த ஒரு மணி நேரத்தை என்னால் மறக்க முடியாது. வெளியே அண்ணை காற்றுச் சுத்தியலோடு. உள்ளே அந்தப் பெண் உள்ளங்கை அளவு இரும்புக் கட்டியை ரிவெட்டின் வாலில் அழுத்திப் பிடித்தபடி. ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரியாது. உள்ளேயிருந்து ஒரு தட்டு வந்தால் தயார். சுத்தியல் இரண்டு விநாடி அதிரும். இரண்டு தட்டு வந்தால் சரி, அடுத்தது. மூன்று தட்டு என்றால் வால் சாய்ந்துவிட்டது, துளைத்தெடுத்து வேறு போட வேண்டும். 48 ரிவெட்டில் மூன்று தட்டு ஒரே ஒரு முறைதான் கேட்டது.

புதிய பலகை மருந்தேற்றாத கடல் ரக ஒட்டுப்பலகை. எல்லா முகமும் எபாக்சி மூன்று பூச்சு. போல்ட் துளைகளைத் தேவைக்கு மேல் பெரிதாகப் போட்டு, எபாக்சியால் நிரப்பி, இறுகியபின் நடுவில் சரியான அளவில் மறுபடி துளைத்தார்கள். இனிமேல் போல்ட்டைச் சுற்றி நீர் புகுந்தாலும் மரத்தைத் தொடாது. எஃகு போல்ட் அலுமினியத்தை நேரே தொடாமல் நைலான் உறையும் பசையும். பித்தளைக் குழாய்க்குப் பதில் பிளாஸ்டிக். சோனாருக்கு ஒரு பிளாஸ்டிக் பலகையை ஒரேமுறை ஒட்டிவிட்டார். இனி எந்தக் கருவி வந்தாலும் திருகு அந்தப் பலகைக்குத்தான், தகட்டுக்கு அல்ல.

வெளியால் ஏதாவது பூசிவிடுங்கள், இந்தக் கோடைக்கு ஓடினால் போதும் என்று கேட்டு வருகிறவர்கள்தான் அதிகமாம். பூசினால் ஒழுக்கு நிற்கும். ஈரம் உள்ளேயே அடைபடும், தின்பது நிற்காது. அப்படிப் பூசிக் காசு வாங்குவது எளிது. கழற்றிக் காட்டி, மூன்று நாள் வேலை என்று சொல்லி, சில வாடிக்கையாளர்களை இழப்பது கடினம். இவர்கள் இரண்டாவதைச் செய்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாத இடத்தில் நேர்மையாக வேலை செய்கிறவர்களுக்கு நாம் கொடுக்கும் கூலியும் மதிப்பும் போதாது என்று உறுதியாக நம்புகிறேன்.

மூன்றாம் நாள் பலகையை உள்ளே இறக்குமுன் அண்ணை காதிலிருந்த பென்சிலை எடுத்தார். பலகையின் முகத்தில் மாதம், ஆண்டு, பலகையின் ரகம், பசையின் பெயர், ‘செம்பு மருந்து வேண்டாம்’ என்ற எச்சரிக்கை எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் எழுதினார். மேலே மெல்லியதாக எபாக்சி தடவினார்.

“இதை யார் பாக்கப்போகினம், அண்ணை?”

“இருபது வரியம் கழிச்சு ஆரோ ஒருத்தர் திறப்பினம் தம்பி. போனமுறை எனக்கு ஒருத்தரும் எழுதிவைக்கேல்லை.”

பலகை இறங்கியது. மேல்விளிம்பு மூடியது. மறுபடி உள்ளே நாலு விரற்கடை தண்ணீர் விட்டு, முக்காலியைப் போட்டு, மெழுகுப் பென்சிலோடு உட்கார்ந்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். அரைமணி நேரம் கழித்துப் பென்சிலைச் சட்டைப் பைக்குள் வைத்தார்.