கண்டன்சரும் கடிகாரமும்



எங்கள் பள்ளிவாசலின் ஆம்ப்ளிஃபையரில் சில மாதங்களாக ஓயாத இரைச்சல். ஜும்ஆ பயானின்போது பின்வரிசையில் இருந்தோருக்குச் சொற்களைவிட அந்த ‘ம்ம்ம்’ ஒலியே தெளிவாகக் கேட்டது. புதிதாக வாங்கிவிடலாம் என்றனர் நிர்வாகிகள். செலவாகப் போவது ஜமாஅத்தின் பணம், அதாவது அமானிதம். அளந்து பார்த்தபின் முடிவெடுக்கலாமே என்று கேட்டுக்கொண்டு கருவியை வீட்டுக்கு எடுத்து வந்தேன்.

நம் மின்சாரம் நொடிக்கு 50 முறை அலைவது. அதை நேர்மின்சாரமாக்கும்போது நொடிக்கு 100 துடிப்புகள் எழும். அவற்றைச் சமன்செய்வது உள்ளேயிருக்கும் பெரிய கண்டன்சர்களின் வேலை. அவை நலிந்தால் துடிப்பு ஸ்பீக்கர் வரை வந்துவிடும். எங்கள் கருவியில் அத்தகையவை இரண்டு. ஒவ்வொன்றின் மேலும் 10,000 மைக்ரோஃபாரட், 63 வோல்ட் என்று அச்சிட்டிருந்தது. என் மல்டிமீட்டரோ 200 மைக்ரோஃபாரடுக்கு மேல் அளக்காது.

அதற்கு ஓர் எளிய வழி உண்டு. ஆனால் முதலில் பாதுகாப்பு. பிளக்கைக் கழற்றிய பின்னரும் கண்டன்சரில் மின்சாரம் தங்கியிருக்கும். திருப்புளியால் முனைகளை இணைத்துத் தீப்பொறி பறக்கவிடுவோர் உண்டு, அது வேண்டாம். 470 ஓம், 10 வாட் ரெசிஸ்டரை அரை நிமிடம் இணைத்து, மீட்டர் ஏறக்குறையச் சுழியம் காட்டிய பிறகே கழற்றினேன்.

பிறகு, பிளஸ் மைனஸ் மாறாமல், 12 வோல்ட் அடாப்டரில் பத்து நிமிடம் வைத்தேன். அடாப்டரை நீக்கி, 10 கிலோ ஓம் ரெசிஸ்டரை இணைத்ததும் கடிகாரம் ஓடத் தொடங்கியது. மின்னழுத்தம் தொடக்க அளவில் ஏறத்தாழ 37 விழுக்காட்டுக்கு, அதாவது 4.4 வோல்ட்டுக்கு, இறங்கும் நேரத்தை ரெசிஸ்டரின் மதிப்பால் வகுத்தால் கண்டன்சரின் அளவு கிடைக்கும். 10,000 மைக்ரோஃபாரட் என்றால் 100 நொடி ஆக வேண்டும். இவ்வகையில் 20 விழுக்காடு கூடுதல் குறைவு இயல்பே. 80 நொடிக்குக் குறைந்தால்தான் ஐயம். (ரெசிஸ்டரையும் முன்னதாக மீட்டரில் அளந்துகொள்ளுங்கள், அதன் மேலிருக்கும் வண்ணக் கோடுகள் தோராயமே.)

மகள் கைப்பேசியில் நேரம் பார்த்தாள். முதல் கண்டன்சருக்கு 96 நொடி. இரண்டாவதற்கு 31. நம்ப மனமின்றி மும்முறை செய்தோம்: 31, 32, 31.

உள்ளுக்குள்ளேயே மின்சாரம் கசிந்தாலும் நேரம் குறையும். ஆகவே மீண்டும் நிறைத்து, எதையும் இணைக்காமல் ஒரு நிமிடம் விட்டுப் பார்த்தேன். மின்னழுத்தம் பெரிதாக இறங்கவில்லை. எனவே கசிவன்று, கொள்ளளவே மூன்றில் ஒரு பங்குக்குத் தேய்ந்திருந்தது. இந்தச் சோதனை கண்டன்சரின் உள்தடையைக் காட்டாது. அதற்குத் தனிக் கருவி வேண்டும். எனக்கு இதுவே போதுமானதாக இருந்தது.

இரண்டும் ஒத்த வயதினவாக இருக்கட்டும் என்று இரண்டையுமே மாற்றினோம். இரைச்சல் அடங்கியது, அல்ஹம்துலில்லாஹ். கழற்றிய நல்ல கண்டன்சரும் ஜமாஅத்தின் சொத்தே என்பதால் பள்ளிவாசல் அலமாரியில் வைத்தாயிற்று. வெறுமையாக்கிய பின்னும் பெரிய கண்டன்சரில் சிறிது மின்னழுத்தம் தானாகவே மீளும். ஆதலால் அதன் இரு முனைகளையும் ஒரு செம்புக் கம்பியால் பிணைத்திருக்கிறேன்.