காகா ஜானின் தெரு

காபூலில் இறங்கினால் பயம்தான் முந்திக்கொள்ளும் என்று நினைத்திருந்தேன். 2018-இல் வசீர் அக்பர் கான் பேட்டைக்குள் நுழைந்தபோது வந்ததோ எரிச்சல். தெரு என்று ஒன்றைக் காணோம். இரண்டு பக்கமும் ஆளை மறைக்கும் கான்கிரீட் பலகைகள்தான். உள்ளே இருப்பது எந்த நாட்டுத் தூதரகம் என்று உச்சியில் ஆடும் கொடியைப் பார்த்து ஊகித்துக்கொள்ள வேண்டும். 1842-இல் காபூலை விட்டு ஓடிய பிரிட்டிஷ் படையை வழியிலேயே அழித்த இளவரசனின் பெயர் இந்தப் பேட்டைக்கு. பிரிட்டிஷ் தூதரகமும் அப்போது இங்கேதான் இருந்தது! முகவரி எழுதும்போது அவர்களுக்குக் கை கூசியிருக்காதா?

ஒரு தடுப்பருகே சண்டை. துணியில் சுற்றிய ரொட்டிகளோடு ஒரு பெரியவர். எதிரே, வேலைக்குப் புதிதான காவல்காரப் பையன். அடையாள அட்டை கேட்கிறான். ரொட்டி வாங்கப் போனவர் அதையா எடுத்துப் போவார்?

"உத்தரவு, காகா ஜான்" என்றான், சித்தப்பா என்று அழைப்பதுபோல. மரியாதைக்குக் குறைவில்லை, வழிதான் விடவில்லை. மன்னர் ஜாகிர் ஷா காலத்தில் அப்பா கட்டிய வீடு, அதோ அந்த மல்பெரி மரம் என்று கைகாட்டினார் அவர். பிறகு என்னைச் சாட்சிக்கு இழுத்தார். பெஷாவரில் அகதியாக இருந்தபோது பழகிய உருது.

"நீயே சொல். என் வீட்டுக்குப் போக நான் யாரிடம் விசா வாங்குவது?"

என் பையில் கடவுச்சீட்டு இருந்தது. என்னை விட்டுவிடுவான். நம் ஊரில் அமைச்சர் வண்டி போகும்வரை அரை மணி நேரம் நிறுத்தினாலே குமுறுகிறோம்; இவருக்கு வருடக்கணக்காக இதே பாடு.

மேலதிகாரி வரட்டும் என்றான் பையன். பெரியவர் ரொட்டியைப் பிய்த்து எனக்கும் பையனுக்கும் நீட்டினார். விரலால் கோடு இழுத்த நீள ரொட்டி, மேலே கருஞ்சீரகம், ஓரத்தில் தந்தூர்க் கரி. பையன் துப்பாக்கியை மறு தோளுக்கு மாற்றிவிட்டு வாங்கிக்கொண்டான். மென்றுகொண்டே மறுபடியும் முடியாது என்றான்.

அவனையும் குறை சொல்ல முடியாது. 2017 மே 31 காலை, ஜெர்மன் தூதரகத்தின் அருகே கழிவுநீர் லாரியில் வந்த குண்டு 150 பேருக்கு மேல் பலிவாங்கியது. பெரியவர் வீட்டில் அன்று ஒரு ஜன்னல் கண்ணாடிகூட மிஞ்சவில்லையாம். செத்தவர்களில் பெரும்பாலோர் சுவருக்கு வெளியே, ரமலான் நோன்போடு வேலைக்குப் போய்க்கொண்டிருந்த ஆப்கானியர்கள்.