மூட்டத்துக்கு மெருகு, முகத்துக்கு வேண்டாம்

மடுல்சீமை மினி வேர்ல்ட்ஸ் என்டில் எடுத்த விடியற்காலைப் படங்களில் அந்தக் கனவு போன்ற மென்மையான ஒளி எப்படி வந்தது என்று பலர் கேட்டிருந்தீர்கள்.

கனடாக்காரர் மைக்கேல் ஓர்ட்டன் 1980களில் கண்டுபிடித்த வழி அது. தெளிவான ஸ்லைட் ஒன்று, மங்கலானது ஒன்று. இரண்டையும் கூடுதல் வெளிச்சத்தில் எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாக வைப்பார். இன்று ஃபோட்டோஷாப்பில் லேயரைப் பிரதியெடுத்து, காசியன் பிளர் கொடுத்து, ஸ்க்ரீன் மோடுக்கு மாற்றி, ஒபாசிட்டியை நன்றாகக் குறைத்தால் போதும்.

மூட்டத்துக்கும் தேயிலைச் சரிவுக்கும் அது அத்தனை அழகு! ஆனால் கொழுந்தெடுக்கும் அக்காமாரின் முகம், சாயமேறிய விரல்கள், லயத்துத் தகரக் கூரை இவற்றில் மட்டும் மாஸ்க் போட்டு அதை நீக்கிவிடுவேன். விரல் வெடிப்பும் கூரைத் துருவும் யாருடைய கனவும் இல்லை. கேமராவோடு எங்கள் மலைக்கு வருகிறவர்களே, தயவுசெய்து அவற்றை மங்கவைக்காதீர்கள்.