ஒரே போட்டோ, இரண்டு முகம்

1964-ல் தொடங்கிய அம்பத்தூர் தொழிற்பேட்டையைத் தாண்டி, சி.டி.எச். ரோட்டில் ஆவடி பக்கம் போய்ப் பாருங்கள். காதணி விழா, மஞ்சள் நீராட்டு, கண்ணீர் அஞ்சலி... நல்லது கெட்டது எல்லாம் ஃப்ளெக்ஸில்தான்.

அதே போட்டோ, அதே மெஷின். ஆனால், ஒரு பேனரில் தாத்தா முகம் உயிரோடு இருக்கும். இன்னொன்றில் செங்கல் நிறத்தில் சிவந்திருக்கும். ஏன்?

சால்வென்ட் மை, பிளாஸ்டிக் பரப்பை லேசாக இளக்கி உள்ளே பிடித்துக்கொள்ளும். வினைல் தாங்கும் மையின் அளவு வேறு, ஃப்ளெக்ஸ் தாங்குவது வேறு. ரோலின் கம்பெனி மாறினால் அதன் வெள்ளையே மாறும். எந்த மெட்டீரியலுக்கு நீலம், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு எவ்வளவு என்று மெஷினுக்குச் சொல்லும் கணக்குதான் ‘கலர் புரொஃபைல்’. வினைல் கணக்கில் ஃப்ளெக்ஸை ஓட்டினால் நிறம் பிசகும். மை கூடிவிட்டால் காயாது, சுருட்டியதும் ஒட்டிக்கொள்ளும்.

செல்போனில் பார்த்து ஓகே சொல்லாதீர்கள். திரை ஒளியில் காட்டுகிறது, பேனர் மையில். அடிக்கப்போகும் ரோலிலேயே, முகம் மட்டும் ஓர் அடிக்கு சாம்பிள் கேளுங்கள். சில நிமிட வேலைதான்.

கல்யாண பேனரை மறுபடி அடிக்கலாம். கண்ணீர் அஞ்சலிக்கு அந்த அவகாசம் இல்லை. பொழுது விடிந்தால் வாசலில் கட்டியாக வேண்டும். ஊர் கடைசியாகப் பார்க்கும் முகம் அது.