மீன் கத்தி

மீன் நறுக்கக் கத்தி வாங்குவது, பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்ப்பதைப் போல அவ்வளவு பெரிய காரியமா என்று நீங்கள் கேட்கலாம். சென்ற மாதம் வரையில் நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

அன்னூரில் எங்கள் வீட்டில் மீன் வந்தால் அது அம்மாவின் பொறுப்பு. வானம் பார்த்த இந்தப் பூமியில் அவள் சிறுவயதில் கண்டதெல்லாம் சந்தைக் கருவாடுதானாம். 1955-ல் கட்டி முடித்த பவானிசாகர் அணையின் கட்லா, புளியம்பட்டி வழியாக எங்கள் வாசலுக்கு வந்தது அவளுக்குக் கல்யாணமான பிறகுதான். அன்று முதல் ஒரே அரிவாள்மணை. பலகையை ஒரு காலால் அழுத்திக் கொள்வாள். அரிவாள் அசையாது, இரண்டு கைகளிலும் மீன்தான் அசையும். செதில் பறக்கும், செவுள் விழும், துண்டுகள் அளந்தாற்போல வந்து சட்டியில் உட்காரும்.

இப்போது அவளுக்கு வயது 76. முழங்கால் மடங்கவில்லை. தரையில் உட்காரவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். "இனி நான் நறுக்கிக் கொள்கிறேன் அத்தை" என்றாள் என் மனைவி. அம்மா என்னைப் பார்த்தாள்.

"அப்பறம் எனக்கு இந்த ஊட்டுல என்ன வேலை, கண்ணு?"

அந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் கத்தி வாங்கப் புறப்பட்டேன். கோயம்புத்தூரில் ஒரு கடைக்காரர், கச்சிதமான மெல்லிய கத்தி ஒன்றை எடுத்துக் காட்டினார். வில்லாக வளைந்தது. துரு ஏறாது, முள்ளை விட்டுவிட்டுச் சதையை மட்டும் உரிக்கும் என்றார். விலையைக் கேட்டபோது எனக்கே சற்று உரிந்தாற் போலிருந்தது. ஆனாலும் வாங்கினேன்.

அம்மா மேஜை முன் நின்று கட்லாவின் நடுமுள்ளில் அதை வைத்தாள். கத்தி வளைந்து கொடுத்தது, முள் கொடுக்கவில்லை. சதையை உரித்துப் பார்த்தாள். அதற்குள்ளும் கவட்டை கவட்டையாகப் பொடி முட்கள்! விராலைப் போல முள் குறைந்த மீனுக்கு வேண்டுமானால் அது நல்ல கத்தி. கட்லாவையும் கெண்டையையும் முள்ளோடு துண்டு போட, வளையாத அலகு வேண்டும். ஒரு கை கத்திக்குப் போய்விட்டதால், வழுக்கும் மீன் மற்றொரு கைக்கு அடங்கவில்லை. அம்மா பேசாமல் கையைக் கழுவிக் கொண்டாள். அவள் திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

கனமான கத்தி ஒன்று அடித்துத் தரும்படி கொல்லரிடம் போனேன். கதையை முழுதும் கேட்டவர், "ஏனுங்க, அம்மாளுக்குக் கெட்டது காலுங்களா, கையுங்களா?" என்றார்.

"கால்தான்."

"அப்பறம் கையில இருக்கறதை எதுக்குங்க மாத்தறீங்க?"

கடையில் கத்தியைப் பற்றி ஆயிரம் கேட்ட நான், அம்மாவைப் பற்றி இந்த ஒரு கேள்வியைக் கேட்டுக் கொள்ளவில்லை.

பழைய அரிவாளைத் தீட்டிக் கொடுத்தார். தச்சர் வந்து அதைப் பலகையோடு மேஜை ஓரத்தில் திருகாணி போட்டு இறுக்கினார். உயரமான ஸ்டூலில் அம்மாவை உட்கார வைத்தோம். முதல் துண்டு விழுந்தது.

"மேசை ஆடுது. ஒரு சக்கை கொண்டா" என்றாள் அம்மா, அதிகாரமாக.

நான் ஓடினேன்.