பனி போகட்டும், கள்ளி விதை காத்திருக்கும்

ஊட்டிக்குப் பக்கத்தில் எங்களுக்கு இருப்பது 40 சென்ட் நிலம். அதில் 5 சென்டில் பாலிஹவுஸ். கொய்மலருக்காகக் கடன் வாங்கிப் போட்டது. பூ விலை கட்டுப்படியாகாமல் போனதும், அதே குடிலில் கள்ளிச் செடிகளுக்கு மாறினோம். மே மாத மலர்க் கண்காட்சிக்கு வருபவர்கள், உள்ளங்கையில் அடங்கும் சட்டிச் செடிகளை ஆசையாக வாங்கிப் போகிறார்கள். ஜூனில் மகளுக்குக் கட்டும் கல்லூரிக் கட்டணம் அந்த ஒரு மாத விற்பனையில் இருந்துதான் வருகிறது.

ஹீட்டர் இல்லாத குடிலில் கள்ளி விதையை எப்போது போடலாம் என்று பலரும் என்னிடம் கேட்கிறார்கள். பாலித்தீன் போட்டிருப்பதால் உள்ளே எப்போதும் கதகதப்பாக இருக்கும் என்பது அவர்கள் எண்ணம். பகலில் அது சரி. ஜனவரி மதியத்தில்கூட உள்ளே வேலை செய்தால் வேர்க்கும். இரவில் கதை வேறு. சாதாரண பாலித்தீன் ஷீட் மண்ணிலிருந்து எழும் வெப்பத்தைப் பிடித்து வைக்காது. மேகமும் காற்றும் இல்லாத இரவில் வெளியே எவ்வளவு குளிரோ, விடியும்போது உள்ளேயும் ஏறக்குறைய அவ்வளவுதான். பள்ளத்தில் இருக்கும் குடிலுக்கு இன்னும் கஷ்டம். குளிர்ந்த காற்று தண்ணீரைப் போல இறங்கி அங்கேதான் தேங்கும்.

அதனால் நான் நாட்காட்டியைவிட வெப்பமானியைத்தான் நம்புகிறேன். இரவின் குறைந்த அளவையும் பகலின் கூடுதல் அளவையும் பதிவு செய்து காட்டும் வெப்பமானி ஒன்றை, விதைத்தட்டு வைக்கும் மேசை உயரத்திலேயே தொங்கவிட்டிருக்கிறேன். தொடர்ந்து 10 நாள் இரவுக் குளிர் 12 டிகிரிக்குக் கீழே இறங்காமல், பகலில் 25 டிகிரியைத் தொட்டால் விதைக்கலாம். எங்கள் குடிலில் அது பெரும்பாலும் மார்ச் நடுவில் அமைகிறது.

இந்த நாளுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. நீலகிரியில் நவம்பர் முதல் பிப்ரவரி வரை உறைபனிக் காலம். ஜூனில் தென்மேற்குப் பருவமழை வந்துவிட்டால் வெயில் குறையும், ஈரம் ஏறும். மார்ச் நடுவில் விதைத்தால் மழைக்கு முன்பு இரண்டரை மாதம் வெயில் கிடைக்கும். ஈரக்காற்றைத் தாங்கும் அளவுக்கு நாற்று தேறிவிடும். டிசம்பர் பனி வருவதற்குள் உடம்பில் கொஞ்சம் நீரும் சதையும் சேர்த்துக்கொள்ளும். செப்டம்பரில் விதைத்தாலும் முளைக்கும். ஆனால் கடுகளவு நாற்றாகவே அது பனியைச் சந்திக்க வேண்டியிருக்கும்.

ஒரு டிசம்பரில் கோயம்புத்தூர் வியாபாரி ஒருவர் வந்தார். 2,000 உருண்டைக் கள்ளி நாற்று வேண்டும், உடனே விதைத்தால் முன்பணம் தருகிறேன் என்றார். கடன் தவணை கட்ட வேண்டிய மாதம் அது. அன்று ராத்திரி வீட்டில் யாரும் சரியாகத் தூங்கவில்லை. காலையில் மனைவிதான் முடிவு சொன்னாள்: "விதை டப்பாவுல தூங்கினா நமக்கு ஒரு செலவும் இல்லைங்க. முளைச்சு செத்தா விதையும் போச்சு, வருசமும் போச்சு." மார்ச்சில்தான் விதைப்போம் என்று வியாபாரியிடம் சொல்லிவிட்டோம். அவர் வேறு இடம் பார்த்துக்கொண்டார். அந்தத் தவணையை நகையை அடகு வைத்துக் கட்டினோம்.

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. உருண்டைக் கள்ளி விற்பனைக்கு வர இரண்டு வருடத்துக்கு மேல் ஆகும். அந்த மார்ச்சில் விதைத்த தட்டுகள் அடுத்த மே மாதத்தில் பட்டாணி அளவில்தான் இருந்தன. அதற்கடுத்த மே மாதத்தில்தான் சட்டியேறி விலைக்குப் போயின. அடகு வைத்த நகையும் அந்த வருடம்தான் வீட்டுக்குத் திரும்பியது.

விதைக்கும் முறை கடினமில்லை. தேங்காய் நார்க் கழிவும் கழுவிச் சலித்த மணலும் சம அளவு கலந்து, கொதிக்கும் தண்ணீர் ஊற்றி ஆறவிடுங்கள். விதையை மேலாகத் தூவினால் போதும். வெளிச்சம் பட்டால்தான் நன்றாக முளைக்கும் என்பதால் மண் போட்டு மூட வேண்டாம். தட்டைத் தண்ணீரில் வைத்து அடியிலிருந்து ஈரம் ஏறவிடுங்கள். மேலே கண்ணாடியோ பாலித்தீனோ மூடி, நிழல்வலைக்குக் கீழே வைத்தால் ஒன்று முதல் மூன்று வாரத்தில் பச்சைப் புள்ளிகள் தெரியும். அதன் பிறகு மூடியைத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து பழக்க வேண்டும். ஒரே நாளில் எடுத்தால் நாற்று வாடும். மூடியே வைத்திருந்தால் நாற்றழுகல் வரும்.

முதல் பனிக்காலத்தில் தண்ணீரை வெகுவாகக் குறைத்துவிடுங்கள். காய்ந்த மண்ணில் இருக்கும் கள்ளி குளிரைத் தாங்கும். ஈர மண்ணில் அதே குளிருக்கு அழுகிவிடும். மேசைக்கு அடியில் 200 லிட்டர் தண்ணீர் டிரம்களை வரிசையாக வைத்திருக்கிறோம். பகலில் வாங்கிய சூட்டை அவை இரவில் மெதுவாக விடுகின்றன. டிரம் இருக்கிறது என்ற தைரியத்தில் ஜனவரியில் விதைத்துவிடாதீர்கள். வளர்ந்த செடிக்கு ஒரு டிகிரி இரண்டு டிகிரி உதவும், அவ்வளவுதான்.

சமவெளி நண்பர்களுக்கு உறைபனிப் பயம் இல்லை. அங்கே அடினியம் விதைப்பவர்கள் பார்க்க வேண்டியது ஐப்பசி, கார்த்திகை மழையை. பிப்ரவரி, மார்ச்சில் விதைத்தால் மழைக்குள் கிழங்கு பருத்துவிடும். ஒரு வித்தியாசம் உண்டு. கள்ளி விதை ஈரம்படாத டப்பாவில் சில வருடம்கூடத் தாங்கும். அடினியம் விதையைப் புதிதாகப் போட்டால்தான் முளைப்பு நன்றாக இருக்கும்.

புதிதாகத் தொடங்குபவர்கள் முதல் காசை விதைக்குச் செலவிட வேண்டாம். ஒரு வெப்பமானி வாங்கிக் குடிலில் மாட்டி, தினமும் காலையில் பால் கறந்து முடித்ததும் பார்த்து நோட்டில் எழுதுங்கள். ஒரு பனிக்காலம் எழுதினால் போதும். உங்கள் குடிலுக்கு எந்த வாரம் சரி என்பதை அந்த நோட்டே சொல்லிவிடும்.