படித்துறையும் சாய்தளமும்

இலஞ்சி,
ஆடி மாதம்.

அன்புள்ள டீச்சருக்கு,

சாரல் இன்னும் விடவில்லை. காலையில் இலஞ்சிக் குமாரரைக் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தால், வண்டியெல்லாம் குற்றாலத்துக்கே போகிறது. நான் தென்காசி வந்து ஆய்க்குடிக்குப் பஸ் ஏறினேன். கிராமத்துப் பள்ளிக்கூடத்திலேயே ஆயுளைக் கழித்த உங்களுக்கு அந்த ஊரைப் பற்றி இன்றைக்கே எழுதியாக வேண்டும்.

அங்கே அனுமன் நதிக்கரையில் முருகன் கோயில். வேண்டுதல் பலித்தவர்கள் படித்துறையைக் கழுவி, பாயசத்தைப் படியிலேயே ஊற்றுவார்கள். பிள்ளைகள் குனிந்து வழித்துக் குடிக்கும். படிப்பாயசம் என்று பெயர். அந்தப் படியில் நின்றபோது எனக்கு ஒன்றுதான் மனசில் ஓடியது: இறங்க முடியாத பிள்ளை என்ன செய்யும்?

அதே ஊர்க்காரர் ஒருவர் அதற்கு வழி செய்திருக்கிறார். எஸ். ராமகிருஷ்ணன் 1975இல் இன்ஜினியரிங் மாணவர். கடற்படை அதிகாரித் தேர்வுக்குப் பெங்களூர் போனவர், உடல்திறன் சோதனையில் விழுந்து தண்டுவடம் அடிபட்டு, கழுத்துக்குக் கீழே அசைவில்லாமல் ஊர் திரும்பினார். ஐ.நா. ஊனமுற்றோர் ஆண்டாக அறிவித்த 1981இல், ஒரு கீற்றுக் கொட்டகையில், விரல்விட்டு எண்ணக்கூடிய பிள்ளைகளோடு பள்ளிக்கூடம் ஆரம்பித்தார். தனக்கு வைத்தியம் பார்த்துத் தைரியமும் சொன்ன விமானப்படை டாக்டர் அமர்ஜித் சிங் சாஹலின் பெயரால் அமர் சேவா சங்கம் என்று வைத்தார். படுத்த இடத்திலிருந்து ஒரு மனிதர் பள்ளிக்கூடம் கட்டியிருக்கிறார், டீச்சர்!

1992இல் சங்கர ராமன் வந்து சேர்ந்தார். ஆடிட்டர், தசைச்சிதைவு நோயால் அவரும் சக்கர நாற்காலியில்தான். இன்றைக்கு வளாகம் சுமார் 30 ஏக்கர். ராமகிருஷ்ணனுக்கு 2020இல் பத்மஸ்ரீ கிடைத்தது.

எனக்குப் பெரிதாகப்பட்டது வேறு. இங்குள்ள சிவசரஸ்வதி வித்யாலயாவில் ஊர்ப்பிள்ளைகளும் மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளும் சேர்ந்தே படிக்கிறார்கள். நம் காலத்தில் இப்படிப்பட்ட பிள்ளையை வீட்டுத் திண்ணையோடு நிறுத்திவிடுவோம். உங்கள் வருகைப் பதிவேட்டில் அந்தப் பெயரே ஏறியிருக்காது. பள்ளிக்கு வர முடியாத பிள்ளையையும் இவர்கள் விடுவதில்லை. கிராமத்துப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்திருக்கிறார்கள். அவர்கள் வீடு வீடாகப் போய், குழந்தையின் கைகால்களுக்குப் பயிற்சி கொடுத்து, அம்மாவுக்கும் அதைச் சொல்லித் தருகிறார்கள். பள்ளிக்கூடம் நடந்து வீட்டுக்கு வருகிறது.

மணி அடித்ததும் ஒரு பையன் சிநேகிதனின் சக்கர நாற்காலியைச் சாய்தளத்தில் மூச்சு வாங்கத் தள்ளிக்கொண்டு போனான். மேலே ஏறும்வரை இருவரும் பேசவில்லை. ஏறியதும் விட்ட இடத்திலிருந்து சண்டையைத் தொடர்ந்தார்கள்.

முழங்கால் வலி என்று இந்த வருஷம் வர மறுத்துவிட்டீர்கள். அடுத்த சீசனுக்குக் கட்டாயம் வாருங்கள். அந்தச் சாய்தளத்தில் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு நான் நடந்து வருகிறேன்.

அன்புடன்,
உங்கள் பழைய மாணவி